இரண்டு தொட்டியும் ஒன்பதாம் கேள்வியும்

சென்னையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. பதினொரு கேள்விகள் அச்சடித்த ஒரு கட்டுத் தாளைக் கையில் கொடுத்து என்னைத் திருவள்ளூருக்கு அனுப்பினார்கள். எழுபதுகளின் பிற்பகுதி அது. ஊர்க் குப்பையைக் குறைக்கவும், சேர்ந்த குப்பையை மறுபடி பயன்படுத்தவும் அரசாங்கம் ஒரு திட்டம் வைத்திருந்தது. வீட்டுக்கு இரண்டு தொட்டி. மக்குவது ஒன்றில், மக்காதது இன்னொன்றில். மக்குவதை ஊருக்கு வெளியே குழி வெட்டி எருவாக்கி உழவர்களுக்குக் கொடுப்பது. இரும்பு, கண்ணாடி, காகிதத்தை ஆலைகளுக்கு அனுப்புவது. மக்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். அதுதான் என் வேலை.

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. சென்னைக்கு வடக்கே என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்ததோடு சரி. ஐந்து நாள் வெளியூர் போகிறேன் என்று வீட்டுக்கு எழுதியபோது, கடல் கடந்து போகிறவளுக்கு எழுதுவதுபோல அப்பா இரண்டு பக்கம் புத்திமதி எழுதியிருந்தார். அது அப்படியொன்றும் தப்பில்லை என்று முதல் நாள் காலையிலேயே தெரிந்துவிட்டது.

ஸ்டேஷனுக்கு எதிரே ஓர் ஓட்டலில் போய் உட்கார்ந்தேன். "நாஷ்டா இன்னா வேணும்?" என்று கேட்டார் பரிமாறுகிறவர். காலைச் சிற்றுண்டிக்கே அங்கே அந்தப் பெயர் என்று தெரியாமல், நாஷ்டா என்பது ஏதோ ஒரு பலகாரத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, அதையே ஒரு தட்டு கொண்டுவரச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் காப்பி டம்ளருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். இட்லியும் அதன் தலையில் ஒரு கரண்டி வடகறியும் வந்தன. அதுவரை நான் வடகறி சாப்பிட்டதில்லை. நன்றாக இருந்தது. எப்படிச் செய்வது என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. முந்தின நாள் விற்காமல் நின்ற வடையை உதிர்த்து மசாலாவில் போட்டதுதான் என்றார்.

திட்டத்தின் முதல் ஆள் கிடைத்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அங்கேயே தாளை விரித்தேன். இரண்டு தொட்டி வைப்பதை ஆதரிக்கிறீர்களா? அவர் தோள் துண்டால் மேசையைத் துடைத்தபடி யோசித்தார்.

"எங்க கடையில குப்பைன்னு போறது எச்சிலை ஒண்ணுதாம்மா. அத்தையும் வெளிய வெச்சா மாடு துன்னுட்டுப் போயிடும். அடுப்புச் சாம்பல பாத்திரம் தேய்க்க எடுத்துக்குவாங்க. ரெண்டு தொட்டி குடுத்தா நாங்க அதுல இன்னாத்த போடறது?"

'ஆதரிக்கிறார்' என்ற கட்டத்தில் நான் ஒரு கோடு போட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை என்பது சாப்பிட்ட கையைக் கழுவும்போதுதான் உறைத்தது.

அன்று முழுக்கத் திருவள்ளூர்த் தெருக்களில் சுற்றினேன். குடையும் தாள்கட்டுமாக வரும் பெண்ணுக்கு எல்லோரும் மோர் கொடுத்தார்கள், எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா ஒருவர் பதினொரு கேள்விகளையும் தானே வாங்கிப் படித்து, பதினொன்றுக்கும் ஆமாம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பிறகு, திட்டமெல்லாம் சரி, வண்டி தினமும் வருமா என்று கேட்டார். அவருடைய தெருவுக்குக் குப்பை வண்டி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கோயில் குளத்தருகே பூக்கட்டும் பெண்கள் வாடின பூவை ஆட்டுக்குப் போடுவதாகச் சொன்னார்கள். மக்காத குப்பை என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு ஒருத்தி வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒரு உடைந்த கண்ணாடி வளையல் உண்டு என்றாள்.

ஒன்பதாம் கேள்வி இது: 'தங்கள் பகுதியில் பொருத்தமான இடத்தில் எருக்கிடங்கு அமைப்பதற்குத் தங்களுக்குச் சம்மதமா?' அதற்கும் எல்லோரும் ஆமாம் என்றார்கள். பொருத்தமான இடம் என்றால் எந்த இடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் திருப்பாச்சூர். எருவை வாங்கப்போகிறவர்களின் எண்ணத்தையும் அறிந்துவரச் சொல்லியிருந்தார்கள். நடவு நடந்துகொண்டிருந்த ஒரு வயலின் வரப்பில் நின்று, நிலத்துக்காரரிடம் கேட்டேன். எங்கள் பக்கத்தில் எருக்குழி இல்லாத சம்சாரி வீடு, அதாவது உழவர் வீடு, கிடையாது. ஆகவே அவர் உடனே சரியென்று சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் பதில் சொல்லாமல் நாற்று வைத்துக்கொண்டிருந்த தம் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் சேற்றுக் கையைக் கழுவிவிட்டு உள்ளங்கையைக் காட்டினாள். சுண்டுவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு. போன வருஷம் ஊர்க் குப்பை எருவென்று இரண்டு வண்டி வாங்கிப் போட்டார்களாம். அதில் உடைந்த பாட்டிலும் சவர பிளேடும் இருந்திருக்கின்றன.

"எருவ வேணாம்னு சொல்லல. நெல்லு நல்லாதான் வந்துச்சி. கண்ணாடிய வேணாம்னுதான் சொல்றோம்," என்றார் நிலத்துக்காரர்.

இரண்டு தொட்டி எதற்கு என்று என் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் விளக்கினார்கள். இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கும்மிடிப்பூண்டிக்குப் புறப்பட்டேன். திருவள்ளூருக்கு வடக்கே உள்ள சின்ன ஆரணியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. இன்ஜினிலிருந்து ஆவி வந்தது. விசிறி பெல்ட் அறுந்துவிட்டது என்றும், மாற்றுப் பெல்ட் டெப்போவில் இருக்கிறது என்றும் கண்டக்டர் சொன்னார். எல்லோரும் இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் இதற்குள் கண்டக்டரின் குலம் கோத்திரம் வரை போயிருப்பார்கள். இங்கே யாரும் சத்தம் போடவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவிட்டார்கள்.

என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறிய சிலுவை. பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய், கூரையில் சைக்கிள் ஏற்றியிருந்த ஒருவரிடம் ஏதோ கேட்டாள். அவர் கட்டி வைத்திருந்த ஓட்டை டியூபை எடுத்துக் கொடுத்தார். அதை நீளவாக்கில் கிழித்து, முறுக்கி, முடிபோடும் இடத்தையும் அவளே காட்டினாள். டிரைவர் தயக்கத்தோடுதான் மாட்டினார். பஸ் கும்மிடிப்பூண்டி வரை ஓடியது.

மரியாள் என்று பெயர். தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலையில் இரும்பு பிரிக்கிற வேலை. என் தாள்களைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இதைக் கேட்க வேண்டிய இடம் தன் ஆலைதான் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை போனேன். ஆலைக்குள் நுழையும் முன்பே அந்தக் குவியல் தெரிந்தது. சைக்கிள் சக்கரம், கட்டில் ஸ்பிரிங், கிணற்று உருளை, கப்பலிலிருந்து வெட்டிய தகடு, ஆயிரக்கணக்கில் டப்பாக்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மரியாள் ஒரு மூடிய பெயின்ட் டப்பாவை எடுத்துக் காட்டினாள். இது இப்படியே உலைக்குப் போனால் வெடிக்கும், ஒருமுறை வெடித்து உலையடியில் நின்றவருக்குக் கண் போயிற்று என்றாள். அதனால் மூடின எதையும் அவர்கள் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் அனுப்புவார்கள். வீட்டிலேயே மூடியைத் திறந்து தனியாக வைத்தால் போதும் என்று வரிசை முழுவதும் சொன்னது. அன்று நான் எழுதிய 'ஆதரிக்கிறார்' எல்லாம் உண்மையான ஆதரவு.

தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ள ஓர் ஊர் திட்டத்தில் இருந்தது. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த ஊரின் துப்புரவு மேஸ்திரி முனிரத்தினம் என்பவரை எனக்குத் துணையாக அனுப்பியிருந்தார்கள். ஐம்பத்தாறு வயதுக்காரர், வெளுத்த காக்கிச் சட்டை, எண்ணெய் போட்டுப் படிய வாரிய தலை. பழக்கதோஷத்தில் நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் நின்று, "மளிகைக் கடையா வெச்சிருக்கேன் நானு?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் எங்கள் ஊரிலிருந்து வந்து கடை போட்டவர்தான். பிறகு மேஸ்திரி என்றே கூப்பிட்டேன்.

அன்று மாலை அவரும் நானும் கேள்வி கேட்கப் போன இடம் மரியாளின் காலனி. அவளுக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது. வயலில் கூலி வேலை செய்துகொண்டிருந்த குடும்பங்கள். நிலம் ஆலைகளுக்குப் போனபின் ஆலைகளுக்கே வேலைக்குப் போகிறார்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாக நாற்பது வீடு. தகரக்கூரை போட்ட சின்ன ஜெபக்கூடத்தின் நிழலில் எல்லோரும் கூடினார்கள். எனக்கு டீயும் பொறை ரொட்டியும் வந்தன. எட்டுக் கேள்வி வரை சிரிப்பும் பேச்சுமாகத்தான் போயிற்று. பழைய இரும்பைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டு, அதே இரும்பை ஆலையில் தானே பிரிப்பதாக ஒருத்தி சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

ஒன்பதாம் கேள்வியைப் படித்தேன். பேச்சு நின்றுவிட்டது.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாள் எழுந்து என்னை வீடுகளுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். கொஞ்சம் மேடாக ஒரு புறம்போக்கு. நான்கு மூலையிலும் சுண்ணாம்பு அடித்த கல் நட்டிருந்தது. போன மாதம் வந்து அளந்துவிட்டுப் போனார்களாம். மேட்டுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், காலனியின் ஒரே கிணறு. பெய்கிற மழை மேட்டிலிருந்து எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்கவே வேண்டியதில்லை. தண்ணீர் அரித்த தடம் கிணற்றுச் சுவர் வரை வந்திருந்தது.

"திட்டம் நல்ல திட்டம்தான்," என்றாள் மரியாள். "பிரிக்கறதே என் வேலை, நான் எப்டி வேணாம்னு சொல்லுவேன்? ஆனா இந்தக் கேள்விய திருவள்ளூர்ல கேட்டுக்கினு வந்தியே, அவங்க ஊட்டாண்டயா குழி வெட்டப் போறாங்க? ஊருக்கு மிச்சமாப் போன எடத்துலதான் எங்கள வெச்சாங்க. இப்ப ஊரு மிச்சத்தையும் எங்க பின்னாடியே அனுப்பறாங்க. இத்த நீ எந்தக் கட்டத்துல எழுதுவே?"

கட்டம் இரண்டுதான் இருந்தது. சம்மதம், சம்மதமில்லை.

மேஸ்திரி பின்னாலேயே வந்து நின்றிருந்தார். அவர் பேச ஆரம்பித்தபோது, சமாதானம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

"எங்க ஆளுங்க பதினாலு பேரு. இந்த வயசு வரைக்கும் தலையிலதான் சொமக்கறாங்க," என்றார். "கூடை அடியில ஒழுகும், மூஞ்சில வரும். குழி கிட்டத்துல வந்தா சொமக்கற தூரம் பாதியாவும். ரெண்டு தொட்டியானா பிளேடுக்குள்ள கை விட வேணாம். இந்தத் திட்டம் வரணும்னு நான் சாமிய வேண்டிக்கினு கீறேன். பொய் சொல்லல. ஆனா அந்தக் கெணத்துத் தண்ணிய நானும் குடிச்சிருக்கேன்."

நான் கையில் பேனாவோடு நின்றது எனக்கே அசிங்கமாக இருந்தது. கேள்வி கேட்பவள் கருத்துச் சொல்லக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். வேறு இடமே இல்லையா என்று கேட்டேன். அதுவும் ஒரு கேள்விதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருந்தது. மரியாளுக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். பழைய செங்கல் சூளைக்காக மண் எடுத்த பள்ளம். பக்கத்தில் வீடு இல்லை, களிமண் தரை, கிணறும் கிடையாது. மூன்று பேரும் வெயில் தாழ நடந்தே போய்ப் பார்த்தோம். எருக்குழிக்கென்றே வெட்டியதுபோல இருந்தது. ஆனால் ஊரிலிருந்து மேட்டுக்கு உள்ள தூரத்தைவிட ஒரு மைல் அதிகம். திரும்பும்போது மேஸ்திரி முன்னால் நடந்தார். காலனிக்குள் நுழையும் இடத்தில் நின்று, "இத்த நான் சரின்னு சொல்லக் கூடாது. சொமக்கறவங்கதான் சொல்லணும்," என்றார்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் துப்புரவுப் பணியாளர்கள் ஆஜர் கொடுக்கும் இடத்துக்கு வரச் சொன்னார். பதினான்கு பேரில் ஒன்பது பேர் பெண்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மேஸ்திரியை, அப்பா என்ற அர்த்தத்தில், நைனா என்று கூப்பிட்டார்கள். அவர் விஷயத்தைச் சொன்னார்; நான் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நேர்மையாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு மைல் கூடுதல் என்பதை முதலிலேயே சொன்னார். கொஞ்ச நேரம் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். பிறகு போலம்மா என்ற பெண் முன்னால் வந்தாள். மெலிந்த உடம்பு, நெற்றிக்கு மேலே, கூடைக்கு அடியில் சும்மாட்டுத் துணி வைக்கிற இடத்தில் முடி கொட்டிப்போயிருந்தது.

"அவங்களும் எங்கள மாதிரிதான். அவங்க கெணத்துல கொட்ட வேணாம். அந்தப் பள்ளத்துக்கே போறோம்," என்றாள். "ஆனா தலையில முடியாது. ஒரு மாட்டு வண்டி குடுக்கணும். அத்த எழுதிக்கோ."

அவள் கண்முன்னாலேயே தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள், படித்தேன். நான் கோடு போட்டுக் காட்டிய இடத்தில் அவள் கைநாட்டு வைத்தாள். கேள்வித்தாளில் கைநாட்டுக்கு இடமே கிடையாது. இருந்தாலும் அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்து வைத்தார்கள்.

அன்று மதியப் பாசஞ்சரில் சென்னை திரும்பினேன். பெட்டி முழுக்கப் பழவேற்காட்டு இறால் கூடைகள். உட்கார இடம் கொடுத்த மீன்காரப் பெண் என் மடியில் இருந்த தாள்களைப் பார்த்து, அரசாங்கம் இதையெல்லாம் படிக்குமா என்று கேட்டாள். படிக்கும் என்றேன். படித்துவிட்டு என்ன செய்யும் என்று அவள் கேட்கவில்லை, நல்லவேளை.

அலுவலகத்தில் என் மேலதிகாரி நல்ல மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. தாளின் பின்பக்கம் எழுதியதைக் கூட்டிக் கணக்கெடுக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார். நான் இரண்டு நாள் உட்கார்ந்து தனியாக ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். திருப்பாச்சூர் அம்மாளின் கை, மூடின டப்பா, மேடு, கிணறு, செங்கல் பள்ளம், மாட்டு வண்டி எல்லாம் அதில் இருந்தன. முதல் நாள் ஓட்டலில் தப்பாகப் போட்ட கோட்டையும் ஒத்துக்கொண்டு திருத்தினேன். அவர் முழுவதையும் படித்தார். கிணற்றைப் பற்றிய பத்தியின் ஓரத்தில் சிவப்பு மையால் 'முக்கியம்' என்று எழுதினார். அடுத்த பத்திக்கு வந்ததும் மாட்டு வண்டி பற்றிய வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

ஏன் என்று கேட்டேன்.

"இடம் சரியில்லை என்பது கருத்து. வண்டி வேண்டும் என்பது கோரிக்கை. நம்மைக் கேட்டிருப்பது கருத்தை மட்டும்தான்," என்றார். அவர் குரலில் கெட்ட எண்ணமே இல்லை. பத்தியில் வண்டி இருந்தால் செலவுப் பிரிவுக்குப் போகும், அங்கே போனால் முழுக் குறிப்பும் நின்றுபோகும் என்று அவர் பயந்தார். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். நான் வாதாடவில்லை. கிணறு தப்பினால் போதும் என்று எனக்குப் பட்டது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அச்சில் வந்த அறிக்கையில், மக்கள் பெருவாரியாகத் திட்டத்தை வரவேற்கிறார்கள் என்று இருந்தது. அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் ஒரு வரி: ஓரிடத்தில் குடிநீர்க் கிணற்றை உத்தேசித்துக் கிடங்கின் இடம் மாற்றப்படலாம். அந்த அடிக்குறிப்பை வெட்டி எடுத்து என் டைரியில் ஒட்டி வைத்தேன். கிடங்கு பள்ளத்துக்கே போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டபோது, அம்பாசமுத்திரத்துக்கும் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு காரியம் என்று அதைச் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு கணக்கெடுப்புக்காக அந்தப் பக்கம் போக நேர்ந்தது. வேலையை முடித்துக்கொண்டு மரியாளைப் பார்க்கப் போனேன். கல்லெல்லாம் பிடுங்கி, அந்த மேட்டில் கத்தரி வைத்திருந்தார்கள். கிணற்றிலிருந்து இறைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். வீட்டுக்கு இரண்டு தொட்டி இன்னும் வரவில்லை என்றாள். எப்போது வரும் என்று என்னைக் கேட்டாள். மேஸ்திரி ஓய்வுபெற்று ஆர்.கே.பேட்டைப் பக்கம் மகளோடு போய்விட்டாராம். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நடந்தேன்.

வழியில் ஒரு பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நெற்றிக்கு மேலே முடி இல்லாததைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. அவளுக்கும் என்னைத் தெரிந்தது. சாலையில் வண்டி ஏதும் இல்லை. முன்னால் இன்னும் நான்கைந்து தலைகள் கூடையோடு போய்க்கொண்டிருந்தன.

"வண்டிய எழுதிக்கினு போனியே," என்றாள் போலம்மா. "குடுத்தியாமா?"

"குடுத்தேன். அதை அடிச்சுட்டாங்க."

"நீ இன்னா சொன்னே?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

அவள் கோபப்படவில்லை. சும்மாட்டைச் சரிசெய்து தலையில் வைத்துக்கொண்டு, "சரி, ஒரு கை புடி," என்றாள்.

கூடையின் ஒரு விளிம்பை நான் பிடித்தேன். சாம்பல், ஈரக் கீரைத்தண்டு, கண்ணாடித் துண்டு, எல்லாம் ஒன்றாகத்தான் கிடந்தன. தூக்கும்போது என் தோள் இறங்கிவிட்டது. இவ்வளவு கனக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவள் கழுத்து ஒருமுறை ஆடி நிலைத்தது. போய்வருகிறேன் என்று சொல்ல அவளால் தலையைத் திருப்ப முடியாது, அப்படியே நடந்தாள்.

பள்ளத்துக்கு இன்னும் ஒரு மைல் இருந்தது.